அசையாத முள்

பேராசிரியை ஒட்டிய பட்டியலில் பதினொரு நிறுவனங்கள் இருந்தன. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் மூன்று மூன்று பேராகப் பிரிந்து, ஒரு பருவம் முழுக்க அவற்றில் ஒன்றோடு வேலை செய்யவேண்டும். அங்கே வீணாகிற தண்ணீரையோ மின்சாரத்தையோ குப்பையையோ குறைக்க உருப்படியான வழி சொல்லவேண்டும். சோப்புத் தொழிற்சாலைக்கு அடிதடி நடந்தது. மதியச் சாப்பாடு இலவசம் என்று யாரோ சொன்னதால் ஓட்டலுக்கு அதைவிடப் பெரிய அடிதடி. எட்டாவதாக இருந்த பெரிய மருத்துவமனையை யாரும் சீண்டவில்லை.

குண்டூசி எழுந்து போய் அதற்கு நேராகத் தன் குழுவின் எண்ணை எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மற்ற இருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆள் சிறியவள், கேள்வி கேட்டால் குத்தும் என்பதால் முதலாம் ஆண்டிலேயே விழுந்த பெயர் அது. அவளுடைய குழுவில் இருந்த உயரமான பெண்ணுக்கு நெட்டை என்று பெயர். மூன்றாமவன் கணக்கு. தேநீர்க் கடையில்கூட நாலு தசமம் வரை வகுத்துப் பார்க்கிறவன். குண்டூசி ஏன் மருத்துவமனையை எடுத்தாள் என்று அவர்கள் இரண்டு வாரம் கேட்டார்கள். லிப்ட் இருக்கும், நடக்க வேண்டாம் என்று சொல்லி மழுப்பிவிட்டாள்.

உண்மையான காரணம் ஆறு வருடப் பழசு. அவளுடைய அப்பா அந்த மருத்துவமனையின் சிலிண்டர் அறையில் பதினாறு வருடம் வேலை செய்தவர். அறுவை அரங்குகளுக்குச் சுவர் வழியாகக் குழாயில் போகும் வாயுக்களுக்கு அவர்தான் காவல். அவற்றில் ஒன்று மயக்கத்துக்குக் கொடுக்கிற நைட்ரஸ், ஊர் வழக்கில் சிரிப்பு வாயு. அது மட்டும் செலவுக்கு மீறித் தீர்ந்துகொண்டே இருந்தது. குழாய் எங்கோ கசிகிறது என்று அப்பா மூன்று முறை எழுதிக் கொடுத்தார். கிணற்றில் போட்ட கல். பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, ஞாயிறு முழுக்க அவர் ஒருவரே காவல் இருந்த அறையில், சனிக்கிழமை மாலை வரை நிமிர்ந்து நின்ற மீட்டர் முள் அடியில் விழுந்து கிடந்தது.

தலைமைப் பொறியாளர் விசாரணையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கசிவு என்றால் முள் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்க வேண்டாமா? இத்தனை வாரம் அசையாத முள் ஒரே நாளில் எப்படி விழும்? எட்டாம் வகுப்போடு நிறுத்திய அப்பாவிடம் அதற்குப் பதில் இல்லை. விருந்துகளில் பலூனில் ஊதி உறிஞ்சுகிற பணக்காரப் பிள்ளைகளுக்கு வாயுவை விற்றார் என்று எழுதி அவரை வெளியே அனுப்பினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மறுவாரம் குண்டூசி பள்ளிக்குப் போனபோது, அவள் வகுப்பில் நுழைந்ததும் கடைசி வரிசை முழுக்கச் சேர்ந்தாற்போல் சிரித்தது. அந்த வருடம் முடியும்வரை தினமும் சிரித்தது.

அப்பா இப்போது மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றும் கடையில் இருக்கிறார். அம்மா வேலையை விடவில்லை. அவள் அதே மருத்துவமனையின் துணிப் பிரிவில் இருந்தாள், இன்றும் இருக்கிறாள். விட்டுவிடச் சொன்ன உறவினர்களிடம், போனால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும் என்று ஒரே பதிலைச் சொல்லிவந்தாள்.

போன பருவத்தில் ஒரு சாதாரண வகுப்பில் குண்டூசிக்கு அந்தக் கேள்வியின் விடை கிடைத்தது. சில வாயுக்கள் சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும். மேலே வாயு போகப் போகத் திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பிவிடும். அதனால் கடைசிச் சொட்டுத் திரவம் இருக்கும்வரை அழுத்தம் மாறாது, முள்ளும் அசையாது. திரவம் தீர்ந்த பிறகுதான் சரசரவென்று விழும். வீட்டு அடுப்பின் சிலிண்டரும் அப்படித்தான், கடைசி வேளை வரை அதே சுடர் எரியும். ஆசிரியர் எடுத்துக்காட்டாகச் சொன்ன பெயர்களில் இரண்டாவது நைட்ரஸ். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

மருத்துவமனையை எடுத்த செய்தியை அவள் அம்மாவிடம் மட்டும் சொன்னாள். அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"போ. ஆனா ஒண்ணு. வராந்தாவுல என்னைப் பாத்தா யாரோ எவரோன்னு தலையைத் திருப்பிக்கிட்டுப் போகாதே. ஆறு வருஷமா அந்த வாசல்ல நிமிர்ந்துதான் நுழையறேன்."

மருத்துவமனை கேட்டிருந்தது மின்சாரச் சிக்கனம். மூவரும் இரண்டு வாரம் விளக்குகளையும் குளிர்சாதனங்களையும் எண்ணிக்கொண்டு திரிந்தார்கள். மூன்றாம் வாரம் அறுவை அரங்குகளுக்குப் போனபோது, மயக்க மருந்து டாக்டரிடம் குண்டூசி நைட்ரஸைப் பற்றிக் கேட்டாள். நரை விழுந்த, வேகமாக நடக்கிற அந்த அம்மாள், தானும் தன் சக டாக்டர்களும் அதைத் தொட்டே நாலு வருடம் ஆகிறது, இப்போதெல்லாம் ஊசி மருந்துதான், குழந்தைகளுக்கு மட்டும் எப்போதாவது கொஞ்சம் என்றார். அப்படியானால் கொள்முதல் பட்டியல்படி வாரத்துக்கு ஒரு சிலிண்டருக்கு மேல் எங்கே போகிறது என்று நெட்டை கேட்டாள். டாக்டர் நடையை நிறுத்தினார். வாரத்துக்கு எத்தனை என்று திரும்பக் கேட்டார்.

அன்றே தலைமைப் பொறியாளரிடம் போனார்கள். அவர் கோபப்படவில்லை. தேநீர் வரவழைத்தார், சிலிண்டர் அறைக்கு அழைத்துப் போய் மீட்டரைக் காட்டினார். முள் நிமிர்ந்து நின்றது. கசிவு இருந்தால் இது இப்படி நிற்குமா என்று கேட்டார். குண்டூசி வாயைத் திறப்பதற்குள், இந்த அறைக்குள் இனி மாணவர்கள் வரவேண்டாம், ஆபத்து என்று சொல்லிவிட்டார். மறுநாள் பேராசிரியைக்குக் கடிதம் வந்தது. குழு மின்சாரத்தோடு நிற்கட்டும், விளக்கை அணைக்கச் சொல்லும் சுவரொட்டிகள் வரைந்து கொடுத்தால் நிர்வாகம் மகிழும் என்று அதில் இருந்தது.

பேராசிரியை நல்லவர், ஆனால் அடுத்த ஆண்டும் நிறுவனங்களிடம் போய் நிற்கவேண்டியவர். சுவரொட்டிக்கே நல்ல மதிப்பெண் வாங்கித் தருவதாகச் சொன்னார். கணக்குக்கு அதில் சம்மதம்.

அப்போதுதான் குண்டூசி கல்லூரி மாடிப்படியில் அவர்கள் இருவரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவை, அம்மாவை, கடைசி வரிசைச் சிரிப்பை. சொல்லி முடித்ததும் நெட்டைக்கு முகம் சுருங்கிப்போயிற்று. மூன்று வருடமாக ஒரே தட்டில் சாப்பிட்டும் சொல்லவில்லையே என்பது அவளுக்கு. கணக்குதான் பேசினான்.

"அப்போ எடை போட்டுத்தான் பாக்கணும். முள்ளு பொய் சொல்லும், எடை சொல்லாது. ஆனா நீ தொடக்கூடாது. தராசு பக்கமே வரக்கூடாது. நானும் நெட்டையும்தான் போடுவோம்."

"ஏன், நான் தப்பா போட்டுடுவேனா?"

"நீ சரியாவே போடுவ. அதை யாரு நம்புவா?"

அது அவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டாள்.

எடை போட மூன்று பேரின் தயவு வேண்டியிருந்தது. டாக்டர் யோசிக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை கடைசி அறுவை முடிந்ததும் எல்லா அரங்குகளிலும் தன் இயந்திரங்களை நைட்ரஸ் குழாயிலிருந்து கழற்றிவிடுவதாகவும், வார இறுதியில் அவசரம் வந்தால் இயந்திரத்தோடு இருக்கும் சின்ன சிலிண்டர் போதும் என்றும் சொன்னார். தன் இயந்திரத்தின் குழாயைத் தான் கழற்ற யாரிடம் அனுமதி கேட்கவேண்டும் என்றார்.

இரண்டாமவர் அப்பாவின் இடத்துக்கு வந்த சிலிண்டர்க்காரர். நாற்பது வயது, எதைக் கேட்டாலும் முதலில் கதவைப் பார்க்கிறவர். அவர் முடியாது என்றுதான் ஆரம்பித்தார். தான் யாருடைய மகள் என்று குண்டூசி சொன்னதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு, போன மாதம் பொறியாளர் தன்னைக் கூப்பிட்டு, வாயு அதிகமாகத் தீர்கிறதே, உன் வீட்டில் வரவு நன்றாக இருக்கிறதா என்று சிரித்துக்கொண்டே கேட்டதைச் சொன்னார்.

"அடுத்தது நான்தாம்மா. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருக்கேன். உங்கப்பா வாயைத் திறந்துதானே போனாரு?"

"மூடினாலும் போகத்தான் போறீங்கண்ணே. திறந்துட்டே போங்களேன்."

அவர் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வரச்சொன்னார். வாரா வாரம் சிலிண்டர்களைக் கழற்றி மறுபடி குழாயில் மாட்டுவது தன் வேலை, அந்த நேரத்தில் வாசலில் வைத்து எடை பார்ப்பதை யாரும் தடுக்கமுடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூன்றாவது ஆள் அம்மா. மூட்டை மூட்டையாக அழுக்குத் துணி நிறுக்கிற மேடைத் தராசு துணிப் பிரிவில்தான் இருந்தது. அம்மா அதைத் துணிவண்டியில் ஏற்றி, போர்வை கூடப் போர்த்தாமல், நட்ட நடு வராந்தாவில் தள்ளிக்கொண்டு வந்தாள். கணக்கு முத்திரை பிரிக்காத உப்பு மூட்டைகளை ஏற்றித் தராசைச் சோதித்தான். பிறகு ஆள் உயரச் சிலிண்டர்கள் நான்கையும் ஒவ்வொன்றாக நிறுத்தார்கள். குண்டூசி வராந்தாவின் மறுகோடியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை முதல் அறுவைக்கு முன்னால் மறுபடி நிறுத்தபோது பதினாலு கிலோ குறைந்திருந்தது. எந்த இயந்திரமும் குழாயில் இல்லை. யாரும் ஒரு மூச்சு நைட்ரஸ் இழுக்கவில்லை. மீட்டரில் முள் வெள்ளிக்கிழமை நின்ற இடத்திலேயே நின்றது. அடுத்த வாரம் பதின்மூன்றரை. கணக்கு அதை வருடத்துக்குப் பெருக்கினான். சுமார் இரண்டு டன். கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய இருநூற்று எழுபது மடங்கு சூடேற்றுகிற வாயு. ஒரு காரில் பூமியை அறுபது தடவைக்கு மேல் சுற்றினால் எவ்வளவு புகை வருமோ, அவ்வளவு கெடுதியை அந்தக் குழாய் ஆள் அரவமில்லாமல் செய்துகொண்டிருந்தது. மருத்துவமனையின் விளக்கையெல்லாம் அணைத்தாலும் அதில் பாதி ஈடாகாது என்றான்.

மூன்றாம் வாரம் பொறியாளருக்குத் தெரிந்துவிட்டது. சிலிண்டர் அறைக்குப் புதுப் பூட்டு வந்தது. குண்டூசி யாருடைய மகள் என்பதும் அவருக்கு எட்டியது. அம்மாவைச் சுத்தத் துணி மடிக்கிற இடத்திலிருந்து எடுத்து, தொற்று வார்டுத் துணிகளைப் பிரிக்கிற கீழ்த்தளத்துக்குப் போட்டார்கள். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு கீழே போனாள். மாலையில் வீட்டுக்கு வந்தபோது அவள் மேலெல்லாம் கிருமிநாசினி வாடை. அப்பா அதை வைத்தே துருவிக் கேட்டு எல்லாவற்றையும் தெரிந்துகொண்டார்.

"உன்னை யாரு கேட்டா?" என்றார் மகளிடம். "நான் கேட்டேனா? நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். உங்கம்மாவுக்குத் தெரியும். அது போதும்னு இருந்துட்டேன். இப்போ அவளையும் குழியில இறக்கிட்டியே?"

"என்னை யாரும் இறக்கல. நானாதான் தராசைத் தள்ளிக்கிட்டுப் போனேன்" என்றாள் அம்மா.

குண்டூசி கடைசி வரிசையைப் பற்றிச் சொன்னாள். வீட்டில் அவள் அதைச் சொல்வது அதுவே முதல் தடவை. தினமும் என்றாள். மழைநாளில்கூட என்றாள். அப்பா கையிலிருந்த செம்புக் கம்பிச் சுருளைக் கீழே வைத்தார். ஆனால் அவர் கேட்டது அதைப் பற்றி அல்ல.

"முள்ளு ஏன் அசையல?"

அவள் அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் அடுப்புச் சிலிண்டரின் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள். ஈரத்துணியால் அதைத் துடைத்துக் காட்டினாள். மேலே ஈரம் சீக்கிரம் காய்ந்தது, திரவம் இருந்த மட்டத்துக்குக் கீழே மெதுவாகக் காய்ந்தது. அவர் விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார். மூன்றாம் முறை அவரே சொன்னார், பிழையில்லாமல். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு எனக்கு இதைச் சொல்லத் தெரியலடா" என்றார்.

அறிக்கையை மருத்துவமனை இயக்குநர் முன்னால் வாசிக்கவேண்டிய நாள் வந்தது. முந்தின நாள் பேராசிரியை, அறிக்கையிலிருந்து குண்டூசியின் பெயரை எடுத்துவிட்டு மற்ற இருவர் பெயரில் கொடுக்கலாம், அவள் மதிப்பெண்ணுக்குத் தான் பொறுப்பு என்று சொல்லிப்பார்த்தார். ஒளிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று அவள் மறுத்துவிட்டாள். நெட்டை எடைகளை வாசித்தாள். கணக்கு விளக்கினான். கசியும் இடத்தைத் தேடிச் சுவரையெல்லாம் உடைக்க வேண்டாம், நைட்ரஸ் குழாயை ஒரேயடியாக மூடிவிட்டுக் குழந்தைகளுக்குச் சின்ன சிலிண்டரை வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர்கள் சொன்ன வழி. டாக்டர் தன் துறை முழுக்க அதற்குச் சம்மதம் என்றார்.

தலைமைப் பொறியாளர் அறிக்கையைத் தொடவே இல்லை. இயக்குநர் பக்கம் திரும்பி, வருத்தமான ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது என்று ஆரம்பித்தார். இந்தக் குழுவில் இருக்கும் ஒரு பெண், வாயு திருடியதற்காக வெளியேற்றப்பட்டவரின் மகள். எடை போட்ட தராசு அவளுடைய அம்மாவின் பொறுப்பில் இருந்தது. இதை அவர்கள் மறைத்துவிட்டார்கள்.

"மறைக்கல சார்" என்றாள் குண்டூசி. "முதல் பக்கம், முதல் வரி. நீங்க இன்னும் திருப்பிப் பாக்கலை."

இயக்குநர் திருப்பினார். இருந்தது. அவள் பெயர், அப்பாவின் பெயர், என்ன பழியின் பேரில் அனுப்பப்பட்டார் என்பது, அம்மா எங்கே வேலை செய்கிறாள் என்பது, அதனால் அவள் எந்த எடையையும் தொடவில்லை என்பது, தராசைச் சோதித்த விதம், எல்லாம்.

"என்னை நம்ப வேண்டாம் சார்" என்று தொடர்ந்தாள். "எங்கப்பாவையும் நம்ப வேண்டாம். தராசுக்கு யாரோட அப்பா யாருன்னு தெரியாது. இந்த வெள்ளிக்கிழமை நீங்களே பூட்டைத் திறந்து, வேற தராசு கொண்டுவந்து, உங்க ஆளை வச்சே நிறுத்துப் பாருங்க. நாங்க யாரும் வரல."

இயக்குநர் வெளியிலிருந்து ஆள் வைத்தே நிறுக்கச் சொன்னார். திங்கட்கிழமை பதினைந்து கிலோ குறைந்திருந்தது.

அந்த மாதமே நைட்ரஸ் குழாய் மூடப்பட்டது. எங்கே கசிந்தது என்பது கடைசிவரை தெரியவில்லை. நாற்பது வருடக் குழாய், சுவருக்குள் நூற்றுக்கணக்கான இணைப்புகள். சிலிண்டர்க்காரரின் வேலை போகவில்லை, ஆக்சிஜன் இருக்கிறதே. அவர் இப்போது கதவைப் பார்க்காமல் பேசப் பழகிவருகிறார் என்று அம்மா சொன்னாள். மற்ற மருத்துவமனைகள் வந்து பார்த்துவிட்டுப் போயின. பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் சேர்ந்து மூன்று மாணவர்களுக்கும் மேடை போட்டுச் சான்றிதழ் கொடுக்க ஏற்பாடு செய்தன.

அப்பாவைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. குண்டூசி எழுதிக் கேட்டதற்கு, கசிவு வேறு, ஆறு வருடத்துக்கு முந்தைய ஒழுங்கு நடவடிக்கை வேறு என்று பதில் வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்டபோது ஏறினாள். இயக்குநர் நீட்டிய சான்றிதழைக் கையில் வாங்காமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒலிவாங்கியின் பக்கம் சாய்ந்தாள்.

"இந்த வாயுவைக் குழாய்தான் குடிச்சுதுன்னு சொல்லி எனக்கு இதைத் தர்றீங்க. எங்கப்பா குடிச்சாருன்னு சொல்லி அவருக்கு ஒரு காகிதம் தந்தீங்க. ரெண்டும் உண்மையா இருக்க முடியாது சார். அதைத் திருப்பி வாங்கிக்கிட்டு இதைத் தாங்க."

இறங்கிவிட்டாள். அடுத்து நெட்டையைக் கூப்பிட்டார்கள். அவள் இடத்தைவிட்டு எழவே இல்லை. கணக்கு ஏறி வாங்கிக்கொண்டான். அவன் வீட்டில் அதற்காகவே சொந்தக்காரர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். பிறகு ஒரு வாரம் அவன் இவர்கள் கண்ணில் படாமல் திரிந்தான். போய்த் தொலையட்டும், பெருக்கல் சரியாகத்தானே செய்தான் என்று நெட்டைதான் அவனை இழுத்துக்கொண்டு வந்தாள்.

இருபது நாளில் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. நேர்ந்த சிரமங்களுக்கு நிர்வாகம் வருந்துகிறது என்று இரண்டு வரி. குண்டூசிக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார், மடித்தார், அதே உறையில் போட்டார்.

"வருந்துறோம்னு இருக்கு. தப்புன்னு இல்லையே" என்றார்.

அவரே பேனா எடுத்தார். அவருடைய கோணல் எழுத்தில் முக்கால் பக்கம். நைட்ரஸ் திரவமாக இருக்கும்வரை முள் அசையாது என்பதை விளக்கி, இதைத் தெரிந்திருக்க வேண்டியவர் தலைமைப் பொறியாளர், தெரியாமல் என்னைத் திருடன் என்று எழுதினார், அந்தச் சொல்லை எடுக்காத கடிதம் எனக்கு வேண்டாம் என்று முடித்திருந்தார். மகள் எழுத்துப் பிழை திருத்தித் தருவதாகச் சொன்னதற்கு, இருக்கட்டும், நான் எழுதினது என்று தெரியட்டும் என்றார். மறுநாள் தன் கையாலேயே கொண்டுபோய் இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்து, ரசீது முத்திரையும் வாங்கிவந்தார். ஆறு வருடம் கழித்து அந்த வாசலில் அவர் நுழைந்தது அன்றுதான். அம்மா கீழ்த்தளத்திலிருந்து ஏறிவந்து கூடவே நடந்தாள்.

இரண்டு மாதம் சத்தமில்லை. அதற்குப் பிறகு வந்த கடிதத்தில் குற்றச்சாட்டு தவறு, நீக்கப்படுகிறது என்று இருந்தது. விரும்பினால் மீண்டும் பணியில் சேரலாம் என்றும் இருந்தது. அவர் சேரவில்லை. கடையில் தனக்குக் கீழே நாலு பேர் இருக்கிறார்கள், அங்கே யாரும் தன் சட்டைப்பையைச் சோதிப்பதில்லை என்றார். தலைமைப் பொறியாளர் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார்.

அம்மாவைப் பழைய இடத்துக்கு மாற்றினார்கள். இனி நிம்மதியாக விருப்ப ஓய்வு வாங்கிக்கொள்ளலாமே என்று ஒரு உறவினர் சொன்னதற்கு, தனக்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது, அதில் ஒரு நாள்கூட அவர்களுக்கு விட்டுக்கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள்.